சின்ன வயதில் கேன்சர் வந்து குணமானவர்களுக்கு ஆயுள் குறைவா? ஒரு தாய்மாமனுக்குப் பதில்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகனுக்கு ஏழு வயதில் பிளட் கேன்சர், அதில் ஏ.எல்.எல். என்ற வகை. மதுரையில் வைத்தியம் பார்த்துப் பத்து வயதில் எல்லாம் முடிந்தது. இப்போது பையனுக்கு 19. ‘குணமாகிவிட்டது’ என்று டாக்டர் சொன்ன பிறகு கொஞ்ச காலம் செக்கப் போனார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். இப்போது மாமா கண்ணில் ஒரு கணக்கு பட்டிருக்கிறது: சிறுவயதில் புற்றுநோய் வந்து பிழைத்தவர்களில் நூற்றுக்கு 23 பேர் நாற்பது வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். ‘அப்படியென்றால் என் மருமகன் கதி என்ன? நோய் திரும்பி வருமா? கடலுக்கு அனுப்பலாமா? நாளைக்குக் கல்யாணம் பேசலாமா?’ இவைதான் அவருடைய கேள்விகள்.

நான் டாக்டர் இல்லை. குழந்தைகள் புற்றுநோய் வார்டில் செவிலியராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவள், சொந்த ஊர் தேவிபட்டினம் பக்கம். மருந்து எழுதித் தருவது என் வேலை இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதை விவரமாகச் சொல்ல முடியும்.

முதலில் அந்த 23. அது பொய்க் கணக்கு இல்லை தம்பி. 2023-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது, சரியாகச் சொன்னால் 23.3 சதவீதம். ஆனால் அது யாரை வைத்து எடுத்த கணக்கு என்று பாருங்கள். பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 1994 முதல் நடத்திவரும் ஆய்வு அது, இப்போது அமெரிக்காவின் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரி முன்னின்று நடத்துகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970-க்கும் 1999-க்கும் இடையில், 21 வயதாவதற்குள் புற்றுநோய் வந்து, ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருந்த 34,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மூளைக்கட்டி வந்தவர், எலும்பில் கட்டி வந்தவர், நெஞ்சு முழுக்கக் கரண்ட் (கதிர்வீச்சைத்தான் நம் ஊரில் அப்படிச் சொல்வோம்) வைத்துக்கொண்டவர், ரத்தப் புற்றுநோய்க்காரர் என்று எல்லாரும் அதில் உண்டு. சூடையையும் வஞ்சிரத்தையும் ஒரே கூடையில் கொட்டிச் சராசரி விலை சொன்னது போலத்தான். அந்த விலையை வைத்து உங்கள் கையில் இருக்கிற மீனுக்கு மதிப்புப் போட முடியாது.

காலமும் மாறிவிட்டது. 1970-களில் ஏ.எல்.எல். வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேருக்குத் தலையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 1990-களில் அது 19 ஆகக் குறைந்துவிட்டது. இதயத்தைப் பாதிக்கும் மருந்துகளின் அளவையும் குறைத்தார்கள். பலன் கணக்கில் தெரிகிறது. ஐந்து வருடம் தாண்டியவர்களில் அடுத்த பதினைந்து வருடத்துக்குள் இறந்தவர்கள் 1970-களின் தொடக்கத்தில் வைத்தியம் பார்த்தவர்களிடையே 12.4 சதவீதம், 1990-களில் பார்த்தவர்களிடையே 6 சதவீதம். இதிலும் பழைய நோய் திரும்பி இறந்தவர்களைத் தள்ளிவிட்டு, மற்ற உடல்நலக் காரணங்களால் இறந்த ஏ.எல்.எல். பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 3.2 சதவீதம் 2.1 ஆகக் குறைந்திருக்கிறது. 1990-களில் ஆபத்துக் குறைந்த வகை என்று பிரித்து மிதமான சிகிச்சை கொடுத்த ஏ.எல்.எல். பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தபோது, இப்படிப் பிற்காலத்தில் இறப்பதும் இரண்டாவது புற்றுநோய் வருவதும் ஊரில் மற்றவர்களுக்கு இருக்கிற அளவுதான் என்று தெரிந்தது. உங்கள் மருமகன் இந்தக் கூட்டத்தில் சேர்வானா என்பது அவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. நான் கீழே சொல்லப்போவது எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நோய் திரும்புமா என்று கேட்டீர்கள். ஏ.எல்.எல். திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் சிகிச்சை நடக்கும்போதோ, முடிந்த முதல் சில வருடங்களிலோ திரும்பிவிடும். ஒன்பது வருடம் கடந்த பிறகு வருவது மிக அரிது. பிரிட்டனில் 1940 முதல் 1991 வரை நோய் கண்ட 17,981 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து வருடம் தாண்டியவர்களிடையே இறப்பு, அந்த வயதில் எதிர்பார்க்கக்கூடியதைப் போல ஏறக்குறைய 11 மடங்கு. கேட்டால் பயமாகத்தான் இருக்கும். இளவயதில் மற்றவர்கள் இறப்பதே அபூர்வம் என்பதால் மடங்குக் கணக்கு இப்படி எகிறும். அதில் ஆரம்ப வருடங்களில் பெரும்பங்கு பழைய நோயுடையதுதான். ஆனால் நோய் கண்டு 45 வருடம் தாண்டியவர்களைப் பார்த்தால் கதை தலைகீழ். கூடுதலாக நிகழ்ந்த இறப்புகளில் பழைய நோயின் பங்கு 7 சதவீதம். புதிதாக வந்த வேறு புற்றுநோயும் இதய, ரத்தக்குழாய் நோய்களும் சேர்ந்து 77 சதவீதம்.

ஆக, வருடம் ஏற ஏற நோயை நினைத்துப் பயப்படுவது குறைய வேண்டும், அன்று உயிரைக் காப்பாற்றக் கொடுத்த மருந்தும் கதிர்வீச்சும் உடம்பில் விட்டுப்போனதைக் கவனிப்பது அதிகமாக வேண்டும். நம் வீடுகளில் நேர்மாறாக நடக்கிறது. சிகிச்சை முடிந்த இரண்டு வருடத்துக்குத் தும்மினால்கூட மதுரைக்கு ஓடுவார்கள். பிள்ளை மீசை முளைத்து நிற்கும்போது ஒருவரும் கூட்டிப் போவதில்லை.

இந்த எண்கள் எல்லாம் வெளிநாட்டுடையவை என்பதையும் மனதில் வையுங்கள். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 80-க்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் 30-ஐத் தொடுவதே கஷ்டம் என்பதால்தான் 2030-க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 ஆக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வைத்தது. நம் நாட்டில் முதல் ஐந்து வருடத்தைத் தாண்ட வைப்பதே பெரும்பாடாக இருந்ததால், தாண்டியவர்களை அதற்கப்புறம் தேடிப் போய்ப் பார்க்கும் பழக்கம் மெதுவாகத்தான் வந்தது. மும்பை டாடா மெமோரியலில் சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே 1991-இல் தனிக் கிளினிக் தொடங்கினார்கள். எல்லா ஊரிலும் அப்படி ஒன்று கிடையாது. நம் பிள்ளைகளுக்குக் கண்காணிப்பு என்பது குடும்பம் நினைவு வைத்துப் போனால்தான் உண்டு.

சரி, எதைக் கவனிப்பது? முதலில் இதயம்.

உங்கள் அக்காவிடம் ‘சிவப்பு மருந்து ஏற்றினார்களா’ என்று கேளுங்கள், உடனே நினைவு வரும். டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் என்று பெயர். பார்க்கச் செக்கச்செவேல் என்று இருக்கும். ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். ‘சிஸ்டர், பிள்ளைக்கு ரத்தமா போகுது’ என்று பதறி ஓடி வரும் அம்மாக்களை உட்கார வைத்து, மருந்தின் நிறம்தான் என்று சொல்லிப் புரிய வைப்பது எங்களுக்குத் தினசரி வேலை. ரத்தப் புற்றுநோயை ஒடுக்குவதில் அந்த மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மருந்து இதயத் தசையின் செல்களையும் கொஞ்சம் கொல்லும். இதயத் தசை, தோல் மாதிரி புதிதாக முளைத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளாது. சின்னப் பிள்ளையின் இதயம் இருக்கிற செல்களை வைத்தே உடம்போடு சேர்ந்து பெரிதாக வேண்டும். அதனால் சிலருக்கு இதயச் சுவர் மெலிந்து, இறைக்கும் வலு குறைகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. பையன் ஓடுவான், கபடி ஆடுவான், வலை இழுப்பான். பத்து, இருபது வருடம் கழித்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ராத்திரி படுத்தால் இருமல் வரும், கால் வீங்கும். அதற்குள் இதயம் நிறையத் தளர்ந்திருக்கும். முன்கூட்டியே எக்கோவில், அதாவது இதயத்தின் ஸ்கேனில், தெரிந்துவிட்டால் மாத்திரை கொடுத்து அந்தச் சரிவைத் தாமதப்படுத்த வழி இருக்கிறது.

இங்கே மருந்தின் மொத்த அளவு முக்கியம். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பார்கள். எல்லாத் தவணைகளையும் கூட்டினால் 250-ஓ அதற்கு மேலோ வந்தால் ஆபத்துக் கூடுதல், இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது எக்கோ எடுக்க வேண்டும். 100 முதல் 250-க்குள் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒன்று. 100-க்கும் கீழே, நெஞ்சில் கரண்டும் வைக்கவில்லை என்றால் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்றே இப்போதைய வழிகாட்டல்கள் சொல்கின்றன. நெஞ்சில் கதிர்வீச்சும் சேர்ந்தால் இந்த எல்லைகள் எல்லாம் இறங்கிவிடும். ஏ.எல்.எல். பிள்ளைகள் பெரும்பாலும் 250-க்குக் கீழேதான் வாங்கியிருப்பார்கள். எலும்புக் கட்டிக்கு வைத்தியம் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் அதைத் தாண்டுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘ஈ.சி.ஜி. எடுத்தோம், நார்மல்’ என்று சொல்லித் திருப்தியடைய வேண்டாம். ஈ.சி.ஜி. வேறு, எக்கோ வேறு. தசையின் வலுவைக் காட்டுவது எக்கோ. ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று ஒரு சதவீதம் இருக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. அதைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு முறை 62, அடுத்த முறை 54 என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற டாக்டருக்குத்தான் விஷயம் புரியும். இந்த எக்கோவுக்காக மதுரை வரை போக வேண்டியதில்லை, ராமநாதபுரத்திலேயே எடுக்கலாம்.

அடுத்தது கரண்ட். பையனை ஒரு கட்டிலில் படுக்க வைத்து, முகத்துக்கு அளவெடுத்த வலை மாதிரியான பிளாஸ்டிக் முகமூடியை மாட்டி, எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்களா? அப்படிச் சில நாட்கள் நடந்திருந்தால் அது தலைக்குக் கதிர்வீச்சு. நம் நாட்டில் பழைய சிகிச்சை முறைகளில் ஏ.எல்.எல். பிள்ளைகள் பலருக்கும் இது இருந்தது. கொடுத்திருந்தால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வளர்ச்சி ஹார்மோன் குறைந்து உயரம் குறைந்திருக்கலாம். கணக்குப் போடுவதிலும் படித்ததை நினைவு வைப்பதிலும் தடுமாற்றம் இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் ‘மக்கு’ என்று பெயர் வாங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்குக் காரணம் சோம்பல் இல்லை, இதுதான். பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடும். பதினைந்து இருபது வருடம் கழித்து மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் வாய்ப்பும் உண்டு. அது பெரும்பாலும் மெதுவாக வளரும், கொடிய வகை இல்லை. தலைவலி வந்தாலே கட்டி என்று பதற வேண்டாம். தலைவலி நாளுக்கு நாள் கூடினால், காலையில் எழுந்ததும் வாந்தி வந்தால், வலிப்பு வந்தால் தாமதிக்காமல் போய், ‘சின்ன வயதில் தலைக்குக் கரண்ட் வைத்தது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். கதிர்வீச்சு இல்லாமல் மருந்து மட்டும் என்றால், படிப்பில் வரும் தடுமாற்றம் தவிர, இந்தப் பத்தியில் மற்றதைப் பெரும்பாலும் நீங்கள் மறந்துவிடலாம்.

வேறு நோய்க்கு வைத்தியம் பார்த்த பிள்ளைகளின் வீட்டார் இதைப் படித்தால் அவர்களுக்கும் கொஞ்சம். கழுத்தில் கதிர்வீச்சு பட்டிருந்தால் வருடம் ஒரு முறை தைராய்டு ரத்தச் சோதனையும், கழுத்தைத் தடவிப் பார்ப்பதும் வேண்டும். சிறுவயதில் நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கிய பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு வெகுவாகக் கூடும். 25 வயது அல்லது கதிர்வீச்சு முடிந்து எட்டு வருடம், இவற்றில் எது பிந்தி வருகிறதோ அதிலிருந்து வருடாவருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று மற்றப் பெண்களுக்குச் சொல்வதை இவர்களுக்குச் சொல்லக் கூடாது. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து வாங்கியவர்களுக்குக் காதையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா வந்து, அது பரம்பரை வகை என்றால் வாழ்நாள் முழுக்க வேறு புற்றுநோய்களுக்கான கண்காணிப்பும், பிறக்கும் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலிருந்தே கண் பரிசோதனையும் தேவை.

சிறுநீரகக் கட்டிக்காக ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்ட பிள்ளைகள் நம் கரையில் செய்யும் தவறு ஒன்று உண்டு. உடம்பு வலி என்றால் மெடிக்கலில் இரண்டு வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு படகேறுவது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் பாடுபட்டுவிட்டு, மேலே இந்த மாத்திரையும் விழுந்தால் மிச்சமிருக்கிற ஒற்றைச் சிறுநீரகம் என்ன செய்யும்? வலிக்குப் பாராசிட்டமால் போதும். மற்றதை டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

சங்கு குளிக்கிறவர்கள், பாசி எடுக்க முங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மருந்து பிளியோமைசின். ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் விரை, சினைப்பைக் கட்டிகளுக்கும் கொடுப்பார்கள். அது நுரையீரலில் தழும்பு விடக்கூடியது. இந்த மருந்து வாங்கியவர்கள் நுரையீரல் சோதனை செய்யாமல் சிலிண்டரோ கம்ப்ரஸர் குழாயோ வைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகக் கூடாது. வேறு எதற்காவது ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும். அதிக அடர்த்தியில் ஆக்சிஜன் கொடுப்பது இவர்கள் நுரையீரலுக்கு ஆகாமல் போகலாம். ஏ.எல்.எல். சிகிச்சையில் இந்த மருந்து கிடையாது, உங்கள் மருமகனுக்கு இந்தக் கவலை இல்லை.

அவன் கடலுக்குப் போகலாமா? எக்கோ நன்றாக இருந்து, இடுப்பிலும் காலிலும் தொந்தரவு இல்லை என்றால் தாராளமாகப் போகலாம். உழைத்தால் இதயம் கெட்டுவிடும் என்று வீட்டில் பொத்தி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, நடப்பதும் நீந்துவதும் இந்தப் பிள்ளைகளுக்கு நல்லதே. ஆனால் சிவப்பு மருந்து அதிகம் வாங்கியவர்கள் நங்கூரம் தூக்குவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான வலை இழுப்பது போன்ற வேலைக்குப் போகும் முன் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இடுப்பைச் சொன்னதற்குக் காரணம், ஏ.எல்.எல். சிகிச்சையில் நிறைய ஸ்டீராய்டு கொடுப்பார்கள். சிலருக்கு அது தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போவதைக் கெடுத்துவிடும். படகில் ஏறக் காலைத் தூக்கும்போது இடுப்புப் பக்கம் சுருக்கென்று வலிக்கிறது, சம்மணம் போட முடியவில்லை என்றால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்காமல் படம் எடுத்துப் பாருங்கள். பாதம் மரத்துப்போய் அடிக்கடி இடறினாலும் சொல்ல வேண்டும், வின்கிரிஸ்டின் ஊசி விட்டுப்போகும் குறை அது.

இப்போது உங்கள் கையில் இருப்பது. நான் மேலே சொன்ன லான்செட் ஆய்விலேயே இன்னொரு முடிவு இருக்கிறது, 23-ஐப் பரப்புகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. புகை, குடி, உடல் எடை, உடற்பயிற்சி இவற்றில் ஒழுங்காக இருந்தவர்களிடையே உடல்நலக் காரணத்தால் வரும் இறப்பு 20 முதல் 30 சதவீதம் வரை குறைவு. பிரஷர் இல்லாதவர்களிடையேயும் சுகர் இல்லாதவர்களிடையேயும் தனித்தனியாக அதே அளவு குறைவு. சின்ன வயதில் என்ன சிகிச்சை வாங்கினார்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் இருந்தது. மருந்து பட்ட இதயத்துக்குப் பிரஷரும் சேர்ந்தால் தாங்காது. நம் சாப்பாட்டில் உப்பு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். கருவாட்டை ஒரேயடியாக நிறுத்து என்று தங்கச்சிமடத்துக்காரரிடம் சொல்ல எனக்கும் மனம் வராது. தினமும் என்பதை வாரம் ஒரு நாள் ஆக்கி, சமைக்கும் முன் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை கழுவச் சொல்வேன். பீடி, ஹான்ஸ், குடி மூன்றும் இவனுக்கு மற்றப் பையன்களைவிடக் கேடு. படகில் நாலு பேர் நீட்டும்போது மறுப்பது லேசில்லை, அதனால் மாமா நீங்கள் அவன் எதிரில் பிடிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் தெருவுக்கு வந்து வயதானவர்களுக்குப் பிரஷர் பார்க்கிறார்களே, அந்தப் பெண்ணிடம் பையன் கையிலும் ஒரு முறை பட்டையைக் கட்டச் சொல்லுங்கள்.

கல்யாணம். ஏ.எல்.எல். சிகிச்சை வாங்கிய ஆண் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை பெறுவதில் சிக்கல் வருவதில்லை. சைக்ளோபாஸ்பமைட் போன்ற மருந்துகளின் மொத்த அளவு கூடியிருந்தால்தான் விந்தணு குறைகிறது, சந்தேகம் என்றால் ஒரு சோதனையில் தெரிந்துவிடும். அப்பாவுக்குச் சின்ன வயதில் கேன்சர் இருந்ததால் பிள்ளைக்கும் வரும் என்பது, பரம்பரை வகை தவிர மற்றவர்களுக்குப் பொருந்தாது. ஊனத்தோடு பிறக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை, பெரிய ஆய்வுகளில் பார்த்துவிட்டார்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு கூடுதல் குறிப்பு. சிலருக்கு மாதவிலக்குச் சீக்கிரமே நின்றுவிடலாம் என்பதால் குழந்தையை வெகுவாகத் தள்ளிப்போட வேண்டாம். சிவப்பு மருந்து வாங்கியவர்கள் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் எக்கோ பார்த்துவிட வேண்டும். பிரசவ நேரம் இதயத்துக்குப் பெரிய சுமை. மறைத்துக் கல்யாணம் செய்து, பிரசவ வார்டில் டாக்டர் கேட்கும்போது மாமியார் முன்னால் வாய் திறக்க முடியாமல் தவிக்கும் பெண் பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முன்பே சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் பேச்சு. சொன்னதும் விலகிப் போகிற சம்பந்தம் போகட்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை அந்தப் பழைய ஃபைல். மருந்தின் பெயர், மொத்த அளவு, கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஆபரேஷன், ரத்தம் ஏற்றிய விவரம், இவை இல்லாமல் எந்த டாக்டரும் குருட்டாம்போக்கில்தான் சொல்ல முடியும். வீட்டில் தேடுங்கள். பெட்டியில் இருந்தால் கரையான் முந்திக்கொள்வதற்குள் ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள். காணவில்லை என்றால் வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் பையன் பெயர், வருடம், ஐ.பி. நம்பர் சொல்லிச் சிகிச்சைச் சுருக்கம் கேளுங்கள். நம்பர் மறந்திருந்தால் பழைய மருந்துச் சீட்டு ஏதாவது ஒன்றில் இருக்கும். ரத்தமும் தட்டணுவும் ஏற்றியிருப்பார்கள் என்பதால், போகும்போதே மஞ்சள் காமாலை பி, சி இரண்டுக்கும் ஒரு தடவை ரத்தச் சோதனை செய்துவிடலாம்.

எப்போது போவது? பாலத்தில் ரயில் இல்லை என்று 2022 டிசம்பரிலிருந்து காரணம் சொன்னவர்கள் உண்டு. புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது, அந்தச் சாக்கு இனிச் செல்லாது. பையன் விசைப்படகில் போவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் கரையில்தான் இருப்பான். வலை பின்னுவதும் படகுக்கு பெயின்ட் அடிப்பதும் போல, வருடாந்தரச் செக்கப்பையும் அந்த இரண்டு மாதத்துக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். கூலி போகிறதே என்ற பேச்சே வராது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். பையனுக்குத் தெரியுமா? நீங்கள் எழுதியதில் அவன் வாயிலிருந்து வந்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை. ‘சின்னதில் ரத்தம் கம்மியா இருந்துச்சு, ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம்’ என்று சொல்லி வளர்த்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் மனசு புரிகிறது. ஆனால் 19 வயதுக்காரன் நாளைக்கு வளைகுடாவுக்கு வேலைக்குப் போய், அங்கே மூச்சு வாங்கி டாக்டரிடம் நின்றால், ‘முன்னால் ஏதாவது நோய் இருந்ததா’ என்ற கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிற்காலத் தொந்தரவுகளைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிற முதல் ஆள் அவன்தான், அவனுக்குத் தெரியாமல் மற்ற எல்லாருக்கும் தெரிந்து பிரயோசனம் இல்லை. அக்காவால் முடியாவிட்டால் தாய்மாமன் நீங்கள் சொல்லலாம். நோயின் பெயரைச் சொல்லுங்கள், முடிந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள், எக்கோ எதற்கு என்று சொல்லுங்கள். அந்த 23-ஐ மட்டும் வெறும் எண்ணாக அவன் காதில் போட வேண்டாம்.

ஃபைல் கிடைத்ததும் சிவப்பு மருந்து எத்தனை தடவை, எவ்வளவு என்று உள்ள பக்கத்தையும், கரண்ட் வைத்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். பையன் பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். எக்கோ எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்று மதுரை டாக்டரிடம் கேட்க வேண்டியதைச் சேர்ந்து எழுதி வைத்துக்கொள்வோம்.